மரபணு என்றால் மகளின் தலையிலா?

"மரபணு மாற்றத்தால் வந்த புற்றுநோய்" என்று மதுரையில் மருத்துவர் சொல்லும் வாக்கியம், பேருந்து ஏறி வீரசோழன் வந்து சேர்வதற்குள் "பரம்பரை வியாதி" ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு அது நோயாளியைப் பற்றிய செய்தி அல்ல, அவள் மகளைப் பற்றிய செய்தி. கோயில் தெருவானாலும் பள்ளிவாசல் தெருவானாலும் பெண் கேட்டு வருகிறவர்கள் காதோடு காதாக விசாரிப்பது ஒன்றுதான்: "ஆத்தாளுக்கு வயித்துல ஏதோ கட்டியாமே?" அப்பனுக்கு வந்த வாய்ப்புற்றை யாரும் ரத்தத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. அது அவர் போட்ட புகையிலையோடு முடிந்துவிடும்.

இந்தத் திரிபில் நம் கலைச்சொல்லுக்கும் பங்குண்டு. 'மரபணு' என்ற சொல்லுக்குள்ளேயே மரபு உட்கார்ந்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்களின் 'பரம்பரையலகு' இன்னும் வெளிப்படை. ஆனால் நம் பாடநூல்கள் மரபணுவில் நேரும் பிழைக்கு வைத்த பெயர் 'சடுதிமாற்றம்'. சடுதி என்றால் திடீரென்று. ஊர் மரபைக் கேட்டுக்கொள்கிறது, சடுதியைக் காதில் வாங்குவதில்லை.

சினைப்பையில் வரும் கிரானுலோசா செல் கட்டியை எடுத்துக்கொள்வோம். பெண்களுக்கு மட்டுமே வரும் அரிய புற்று. 2009இல் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நான்கு பெண்களின் கட்டிகளிலிருந்து ஆர்.என்.ஏ.வை எடுத்து, எழுத்தெழுத்தாக வரிசைப்படுத்திப் படித்தார்கள். நான்கிலும் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருந்தது. வயதுவந்த பெண்களுக்கு வரும் வகையில் மேலும் 89 கட்டிகளைச் சோதித்தபோது 86இல் அதே பிழை. இது தாயிடமிருந்து வந்ததல்ல, மகளுக்குப் போவதுமல்ல. சினைப்பையின் ஏதோ ஒரு செல்லில், அவள் வாழ்நாளில், சடுதியில் நேர்ந்தது.

இரண்டையும் பிரித்தறியும் வழி எளிது. கட்டியிலிருந்து ஒரு துணுக்கு, கையிலிருந்து கொஞ்சம் ரத்தம். பிழை கட்டியில் மட்டும் இருந்தால் அது அந்தக் கட்டியோடு முடிந்தது. ரத்தத்திலும் இருந்தால் பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம்.

பிறவியிலேயே வருவதும் உண்டு. இளம்பெண்களைத் தாக்கும் சிறுசெல் சினைப்பைப் புற்று ஒன்றுக்கு ஸ்மார்க்கா4 மரபணுவின் பிழையே காரணம் என்று 2014இல் தெரியவந்தது. அவர்களில் சிலருக்கு அது வழிவழியாக வருகிறது. மார்பகப் புற்றிலும் 5 முதல் 10 சதவீதம் இப்படித்தான். ஆனால் வழி என்றால் தாய்வழி மட்டுமல்ல. பிராக்கா1, பிராக்கா2 பிழைகள் தகப்பனிடமிருந்தும் வரும். பிள்ளை ஆணோ பெண்ணோ, வாய்ப்பு சரிபாதி. தகப்பன் நோயில்லாமல் நடமாடுவதால் பழி முழுவதும் நோயுற்றவள் தலையில் விழுகிறது.

ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வாயை மூடும் வீட்டில் இருவருக்கும் கேடு. கட்டியோடு முடிந்த பிழைக்காக ஒரு மகள் கல்யாணச் சந்தையில் தள்ளுபடியாகிறாள். உண்மையிலேயே சோதித்துக்கொள்ள வேண்டிய இன்னொருத்தி, "வெளியில் தெரிந்தால் யார் கட்டுவார்கள்" என்று சோதிக்காமலே விடப்படுகிறாள். முன்னவளுக்கு வாழ்க்கை போகிறது, பின்னவளுக்கு உயிரே போகலாம்.

சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் பாரத் புற்றுநோய் மரபணு வரைபடத்தை வெளியிட்டது. 480 மார்பகப் புற்று நோயாளிகளின் திசு மாதிரிகளிலிருந்து 960 எக்சோம் வரிசைகள். நம் பெண்களின் உடல் நம் தரவுகளில் இடம்பெறுவது நல்லது, தேவையும்கூட. இப்படித் தரவு சேர்க்கும் எல்லோரிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. திசுவைக் கொடுத்தவளுக்கு என்ன திரும்பி வருகிறது? அவள் படிக்க முடியாத ஆங்கிலத்தில் பத்துப் பக்க அறிக்கை வந்தால் போதாது. அதன் முதல் பக்கத்தில் தமிழில் இரண்டு வரி வேண்டும்: "இந்த மாற்றம் உங்கள் கட்டியில் மட்டும் நேர்ந்தது. இது உங்கள் பிள்ளைகளுக்குப் போகாது." போகக்கூடியது என்றால் அதையும், யார் யார் எங்கே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும், தகப்பன் வழியையும் சேர்த்து எழுத வேண்டும்.

தமிழ் படிக்கும் மாணவிகளே, மரபணு என்ற சொல்லை இனி மாற்றுவது கடினம். அதன் பக்கத்தில் இன்னொரு சொல்லை வைக்க நம்மால் முடியும். கட்டிக்குள் நேர்ந்ததைச் 'செல்பிழை' என்போம், வழிவழியாக வந்ததை மட்டும் 'வழிப்பிழை' என்போம். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் உருவாக்குங்கள். நோயுற்ற தாய்க்குத் தன் மகளைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் சொல்ல ஒரு பதில் வேண்டும்.