கிளட்ச் நழுவினால் காயலான் கடையா?

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன். ரொம்ப நாளா உள்ளே புகைஞ்சுகிட்டு இருக்கிற விஷயம்.

நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல, அது கனடாவோ சிங்கப்பூரோ, ஒரு வேதவாக்கு உண்டு: "ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்." மிக்ஸியில ஆரம்பிச்சு வாஷிங் மெஷின் வரைக்கும் இதே பாட்டுதான். கணக்குப் போட்டுச் சொல்றாங்களான்னு பார்த்தா, யாரும் போடறதில்ல. நான் பேங்க்ல உக்காந்து கணக்குப் பார்க்கறவன். அதனாலதான் எரிச்சல்.

எங்க வீட்டுல ஒரு பழைய தோட்டத்து டிராக்டர் இருக்கு. 1960கள்ல இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் போட்ட கப் கேடட். போன வருஷம் மேட்டுல ஏறும்போது என்ஜின் மட்டும் அலறும், வண்டி நகராது. கிளட்ச் நழுவுது, அவ்வளவுதான். பக்கத்து ஊர்க் கடையில "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க, புதுசைப் பாருங்க"ன்னுட்டாங்க. விக்கறவன் அப்படித்தான் சொல்லுவான், விடுங்க. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர் சொன்னதுதான் சுருக்குன்னு குத்துச்சு: "அண்ணை, பாங்கிலை வேலை செய்யிற ஆள் நீங்கள், உங்களுக்கு ஏன் இந்தக் கிறீஸ் வேலை?"

முதல்ல கணக்கு. உராய்வுத் தட்டு, ரிலீஸ் பேரிங், ஸ்பிரிங், நாலஞ்சு பின் எல்லாம் சேர்த்து 200 டாலருக்குள்ள முடிஞ்சுது. புது வண்டி சில ஆயிரம் டாலர், பெரும்பாலும் கடன்ல. பி.காம். முதல் வருஷத்துலயே சொல்லித் தர்றாங்க, தேய்மானம்ங்கறது பேரேட்டுல எழுதற எழுத்துன்னு. புத்தகத்துல மதிப்பு சுழி ஆயிடுச்சுங்கறதுக்காக இரும்பு உழைக்கறதை நிறுத்தாது. "உங்க நேரத்துக்கு விலை இல்லையா?"ன்னு அடுத்த கேள்வி வரும். ரெண்டு சனிக்கிழமை ஆச்சுங்க. அந்த நேரத்துல நான் என்ன, வட்டிக்கா விட்டிருக்கப் போறேன்?

அடுத்தது, இது அப்படி என்ன பெரிய வித்தை? என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவுல ஓடற தண்டுல ரெண்டு இரும்புத் தட்டு, அதுக்கு இடையில உராய்வுத் தட்டு, அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். மேல் கியர்ல போட்டு, பிரேக்கைப் பிடிச்சுகிட்டு, பெடலை மெதுவா விட்டுப் பாருங்க. என்ஜின் திணறி நிக்கணும். நிக்காம ஓடிகிட்டே இருந்தா தட்டு வழுக்குது. ஆனா உடனே தட்டை மாத்தப் பாயக் கூடாது. பெடலுக்குக் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்கணும். அது இல்லாட்டி, நீங்க காலை எடுத்த பிறகும் லீவர் பேரிங்கை அழுத்திகிட்டே இருக்கும், ஸ்பிரிங்கோட முழு அழுத்தமும் தட்டுக்குப் போகாது. பல வண்டியில வெறும் நட்டைத் திருப்பினாலே நோய் தீர்ந்துடும். எண்ணெய் கசிஞ்சு தட்டு ஊறியிருந்தா, கசிவை அடைக்காம புதுத் தட்டு போட்டுப் புண்ணியமில்ல. எனக்குத் தட்டு நிஜமாவே தேய்ஞ்சு போயிருந்துச்சு.

எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணலாம்னு நான் சொல்லல. பாகமே கிடைக்காத மெஷினைக் கட்டிகிட்டு அழறதும் முட்டாள்தனம்தான். திறந்து பார்த்துட்டுத் தூக்கிப் போடு, திறக்காமலே போடாதேங்கறேன்.

நான் கோரமண்டல்காரன். கோலார் தங்கவயல்ல பங்காரப்பேட்டை - மாரிக்குப்பம் ரயில் நிக்கற ஸ்டேஷன்கள்ல ஒண்ணு. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1902ல சிவசமுத்திரத்துலேர்ந்து கரண்ட் வந்தது, சாம்பியன் ரீஃப் மூணு கிலோமீட்டருக்கும் கீழே இறங்குச்சு. இதெல்லாம் ஓடினது இஞ்சினியர் துரைகளால மட்டும் இல்ல, ஃபிட்டர்களால. எங்க அப்பா அவங்கள்ல ஒருத்தர். ஆழமான சுரங்கங்கள்ல ஆளை இறக்கற இரட்டை டிரம் வைண்டர்லயும் கிளட்ச் உண்டு. அங்கே அது சரியாப் பிடிக்கலேன்னா கூண்டோட போச்சு. நான் பி.காம். கடைசி வருஷம் படிக்கும்போது, 2001 பிப்ரவரி 28ல சுரங்கத்தை மூடினாங்க. ஆழம் கூடிச்சு, மண்ணுல தங்கம் குறைஞ்சுது, நஷ்டம் ஏறிச்சு. அந்தக் கணக்கைப் பத்தி நான் சண்டை போடல. ஆனா அந்தக் கைகளை எந்தப் பேரேட்டுலயும் சொத்துன்னு யாரும் எழுதல. விடியறதுக்கு முன்னாடி பெங்களூர் ரயிலைப் பிடிச்சு வாட்ச்மேன் வேலைக்குப் போனாங்க, மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கை விரல்லயே உணரக்கூடிய ஆளுங்க.

அப்போ "கிறீஸ் வேலை"ங்கற இளப்பம் எங்கேர்ந்து வந்தது? சொன்னாக் கோபம் வரும், ஆனாலும் சொல்றேன். சாதியிலேர்ந்து வந்தது. கையில அழுக்குப் படறவன் தாழ்ந்தவன்ங்கற அந்தப் பழைய புத்தியை விமானத்துல லக்கேஜ் சார்ஜ் கூடக் கட்டாம ஏத்திகிட்டு வந்துட்டோம். தங்கவயல்ல குழிக்குள்ள இறங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க யாரு, கூலி லைன்ல குடியிருந்தவங்க யாருன்னு எங்க ஊர்ல எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்லுவார்.

வெள்ளைக்காரங்க இந்தப் பக்கம் ரிப்பேர் உரிமைக்காகச் சண்டை போடறாங்க. கொலராடோவுல 2023ல விவசாய மெஷினுக்குன்னே சட்டம் போட்டாங்க. கனடாவுல 2024 நவம்பர்ல, ரிப்பேருக்காக சாஃப்ட்வேர் பூட்டை உடைக்கறது குத்தமில்லேன்னு காப்புரிமைச் சட்டத்தையே திருத்தினாங்க. இந்திய அரசு கூட 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு தளம் திறந்துச்சு. சட்டம் உரிமை கொடுக்கும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச பிள்ளை வேணாமா? சனிக்கிழமை காலை கணக்கு ட்யூஷன், மதியம் பரதநாட்டியம், சாயங்காலம் நீச்சல். பதினாலு வயசுப் பையனுக்கு நட்டு எந்தப் பக்கம் திருப்பினா கழலும்னு தெரியாது.

"பிள்ளைக்கு அடிகிடி பட்டா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க. கிளட்ச் ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கும், அதை நீங்களே கழட்டுங்க, பிள்ளை தள்ளி நின்னு பார்க்கட்டும். பழைய உராய்வுத் தட்டுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க, ஈரத்துணியால துடைச்சுப் பையில கட்டிடுங்க. தூசி விஷயத்துல எங்க ஊர்க்காரன் சொன்னாக் கேளுங்க. சிலிகோசிஸ்னா என்னன்னு எங்க தெருவுல இருமின இருமலை வெச்சே தெரிஞ்சுகிட்டவங்க நாங்க.