அளவுநாடா சொல்லட்டும்

பன்னிரண்டு ஆண்டு ஓடிய டீசல் கார் ஒன்று, முன்னே திடீரென்று நின்ற லாரியின் பின்புறத்தில் மோதிவிடுகிறது. வேகம் அதிகமில்லை, உள்ளே இருந்தவர்களுக்குக் கீறல்கூட இல்லை. பம்பர் உடைந்து, பானெட் மடங்கி, ஒரு பக்க ஹெட்லைட் நொறுங்கி, ரேடியேட்டர் ஒழுகுகிறது. சர்வீஸ் சென்டரில் ஒன்றேகால் லட்சம் என்று எஸ்டிமேட் வருகிறது; காப்பீட்டுப் பத்திரத்திலோ வண்டியின் மதிப்பு ஒன்றரை லட்சம்தான். பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை ‘டோட்டல் லாஸ்’ என்று தள்ளிவிடுவது நம் காப்பீட்டு வழக்கம். தாண்டாவிட்டாலும் நிம்மதி இல்லை. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலை கழியும். பத்து ஆண்டு கடந்த வண்டி என்றால் இரும்புப் பாகங்களுக்கும் பாதி கழியும். இதே அடி இரண்டு வயது வண்டியில் பட்டிருந்தால் யாரும் அதைக் காயலான் கடைக்கு அனுப்பப் பேசமாட்டார்கள். ஆக, அந்த முடிவு வண்டியின் உடலைப் பார்த்து வந்ததல்ல, வயதைப் பார்த்து வந்தது. பழைய கார்க்காரர்களில் பலர் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்பவர்கள். அவர்களுக்கு இந்தப் பாதித் தொகையும் கிடையாது. வீட்டு வாசலில் ஜாக்கியும் ஸ்பானர் செட்டுமாக உட்காரும் எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. அந்த எண்ணத்தை அசட்டுத் துணிச்சல் என்று ஒதுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. ஒரே நிபந்தனை: எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பணப்பை தீர்மானிக்கக்கூடாது, அளவுநாடா தீர்மானிக்க வேண்டும்.

காரின் முன்பக்கத்தில் இரண்டு வகைப் பாகங்கள் இருக்கின்றன. பம்பர், கிரில், ஹெட்லைட், பானெட், இரு பக்க ஃபென்டர், ரேடியேட்டர், அதன் விசிறி, ஏசி கன்டென்சர் எல்லாம் போல்ட்டிலும் கிளிப்பிலும் நிற்பவை. கழற்றி வேறு மாட்டுவதற்குப் பொறுமை போதும், பட்டறை வேண்டாம். இவற்றுக்குப் பின்னால், இன்டிகா, ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில், உடலோடு உடலாக வெல்டிங் செய்த பகுதி தொடங்குகிறது: முன்நோக்கி நீளும் இரண்டு நீளக்கைகள், ஏப்ரான், முன்சக்கர ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் கோபுரம். வண்டி நேராக ஓடுவதும் மோதலில் உள்ளிருப்பவர் பிழைப்பதும் இவற்றை நம்பித்தான். பொலேரோ, குவாலிஸ் மாதிரி தனிச் சேஸிஸ் வண்டிகளில் அமைப்பு வேறு. ஆனால் அந்தச் சேஸிஸின் முன்நுனியும் வளையக்கூடியதுதான். ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டம்தான் சிக்கல் பிடித்தது. சில வண்டிகளில் அது போல்ட்டில் கழன்று வரும். சிலவற்றில் ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டியிருக்கும். ‘சின்ன வேலைதான்’ என்று தொடங்கியவர்கள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தருகே வந்துதான் விழிப்பார்கள்.

அந்த இடத்தில் கண்ணை நம்புவதைவிட அளந்து பார்ப்பது மேல். பம்பரையும் ஃபென்டர்களையும் கழற்றிய பிறகு, இடது கோபுரத்தின் மேல் நடுவிலிருந்து வலது நீளக்கையின் முன்நுனித் துளைக்கும், வலது கோபுரத்திலிருந்து இடது நுனிக்கும் குறுக்காக அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரு பக்கமும் அளந்து ஒப்பிட வேண்டும். வேறுபாடு மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் நாடாவின் பிழை என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவதுதான் முறை. நாடா தொய்ந்தால் அளவு பொய்யாகும் என்பதால் இரு முனையிலும் கூரான குச்சி பொருத்திய நீளச் சட்டம் இதற்கு இன்னும் நல்லது. இந்தச் சோதனைக்கும் ஓட்டைகள் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. இரு கைகளும் ஒரே அளவு பின்வாங்கியிருந்தால் குறுக்களவுகள் சமமாகவே வந்து ஏமாற்றும். கைகள் மேலோ கீழோ வளைந்திருப்பதையும் அவை முழுதாகக் காட்டாது. எல்லாத் துளைகளும் இடம் வலம் ஒத்த இடத்தில் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவே கண்ணுக்கும் வேலை இருக்கிறது. மூட்டுகளில் பூசிய சீலன்ட் விரிசல் விட்டிருக்கிறதா, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருக்கிறதா, நீளக்கையில் தகரச் சுருக்கம் தெரிகிறதா, முன்கதவு திறக்கும்போது ஃபென்டரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்று தென்பட்டாலும் அது வீட்டு வேலை அல்ல.

எலும்பு நேராக இருந்தாலும் டீசல் என்பதால் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. மோதியதும் ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவி திருப்புவது பெரும் நஷ்டத்துக்கு வழி. தண்ணீர் வடிந்த எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டினாலே சிலிண்டர் ஹெட் சூட்டில் கோணி, கேஸ்கெட் போய்விடலாம். முன்பக்கத் தகர வேலையைவிட அந்தச் செலவு பெரிது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அதன் மூடி உள்ளே நசுங்கியிருந்தால், ஸ்டார்ட்டரைத் தொடும் முன் கிராங்கை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச்சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஸ்டார்ட்டர் நிறுத்தாது, வால்வை வளைத்துவிட்டுத்தான் ஓயும். டீசல் எஞ்சின் கனமானது என்பதால் மோதலின் வேகத்தில் அதன் மவுண்ட் ரப்பர்கள் கிழிந்திருக்க வாய்ப்புண்டு. டர்போ வண்டிகளில் பலவற்றுக்கு இன்டர்கூலர் முன்னாலேயே இருக்கிறது. அதில் விரிசல் விட்டாலோ அதன் ஹோஸ் கழன்றாலோ காற்று போதாமல் கரும்புகை தள்ளும். பம்பரை மட்டும் மாற்றிப் பளபளவென்று ஓட்டுபவர் பின்னால் வருபவர்களின் நுரையீரலில் மிச்சத்தை இறக்கிவைக்கிறார். ஃபில்டர் அடிபட்டு லைனில் காற்று புகுந்தால், பழைய பம்ப் வண்டிகளில் கைப்பம்பை அமுக்கி அதை வெளியேற்றிவிடலாம். காமன் ரெயில் வண்டிகளோடு அந்த உரிமை எடுக்க முடியாது. நம் சாலைகளில் நிறைந்திருக்கும் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினில் அழுத்தம் 1,600 பார் வரை ஏறும். எஞ்சின் ஓடும்போது கசிவைக் கைவைத்துத் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிக்குத்து அளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. ஏசி வாயுவையும் வீட்டில் திறந்துவிடக்கூடாது. பழைய கார்களில் இருக்கும் ஆர்134ஏ, பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது. கன்டென்சர் உடையாமல் இருந்தால் பைப்பைக் கழற்றாமல் ஓரமாகக் கட்டி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம்.

பாதுகாப்பைக் காட்டி எழும் ஆட்சேபம் வலுவானது. நீளக்கைகள் மோதலில் மடங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒருமுறை மடங்கியதை மரத்தில் சங்கிலி கட்டி இழுத்து நேராக்கினால் பார்வைக்கு நேராகும். அடுத்த மோதலில் அது எங்கே, எப்படி மடங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி நிமிர்த்தினால் உறுதி கூட்டிய எஃகு அந்த உறுதியையே இழக்கும். காற்றுப்பை வெடித்த வண்டியையும் வீட்டில் தொடக்கூடாது. 2019 ஜூலைக்கு முன் ஓட்டுநர் காற்றுப்பை இங்கே கட்டாயமில்லை என்பதால் பல பழைய வண்டிகளில் அது கிடையாது. இருந்தால் சென்சார், பெல்ட் எல்லாம் சேர்ந்த வேலை அது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆட்சேபம் வெல்டிங் பகுதியைப் பற்றியது. போல்ட் பகுதியை அது தொடவில்லை. பட்டறை என்றாலே சரியாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் போதாது. வண்டியை இறுக்கிப் பிடித்து அளந்து இழுக்கும் மேடை இல்லாத பட்டறையிலும் சங்கிலிதான், மேலே கனமாகப் பட்டிதான். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தாளில் எழுதித் தரும் டிங்கரைத் தேடுங்கள். கிடைத்தால் கேட்ட கூலியைக் கொடுக்கலாம்.

சட்டத்தின் பக்கம் அதிகம் பேச இல்லை. யாருக்காவது காயம் பட்டிருந்தால், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிக்கும்வரை வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக்கூடாது. முழுக் காப்பீடு இருந்தால் சர்வேயர் வரும்முன் கைவைத்தால் கிளைமுக்கே ஆபத்து. சிறு அடிக்குக் கிளைம் கேட்டு, ஐந்து ஆண்டில் 50 சதவீதம்வரை சேர்ந்த நோ கிளைம் போனஸை இழப்பது லாபமா என்று கணக்குப் போட்டுக்கொள்வதும் நல்லது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பானெட்டும் ஹெட்லைட்டும் மலிவாகக் கிடைக்கும். பில் இல்லாமல் வாங்கினால் அது யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்ற கேள்வி நம்மோடு வீட்டுக்கு வரும்.

பழைய டீசலுக்கு ஏன் இத்தனை பாடு, ஒழியட்டுமே என்பார்கள். டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் தடையை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. அந்தக் காற்றின் நிலைக்கு அதில் நியாயம் இருக்கிறது. நெரிசலில் தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுபவர் பழைய டீசலை விட்டுவிடுவது ஊருக்கு நல்லது என்று நானும் சொல்வேன். ஆனால் அது புகைப் பரிசோதனையில் முடிவாக வேண்டிய விஷயம். தமிழ்நாட்டில் பதினைந்து ஆண்டு முடிந்தால் தகுதிச் சான்றோடு மறுபதிவு செய்துகொள்ள இன்றும் வழி இருக்கிறது. அந்தச் சோதனையில் தேறும் வண்டியை பானெட் மடங்கியதற்காக உருக்குவதும், அதன் இடத்தில் இரும்பும் கண்ணாடியும் புதிதாக உருக்கி இன்னொன்று செய்வதும் சுற்றுச்சூழல் கணக்கில் வராத செலவா? மாதம் இருமுறை ஊருக்குப் போய்வர மட்டும் வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது.

நிறுவனங்கள் பக்கம்தான் பெரிய தடை இருக்கிறது. அளவு பார்த்து முடிவெடுங்கள் என்று சொல்கிறோம்; சரியான அளவு எது என்று எழுதிய படம் உரிமையாளர் கைக்கு எளிதில் வருவதில்லை. மேலே சொன்ன குறுக்களவுச் சோதனையின் ஓட்டைகளை அடைக்க வல்லது அந்தப் படம் ஒன்றுதான். உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குத் தராமல் தடுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் 14 கார் நிறுவனங்களுக்கு ₹2,544 கோடி அபராதம் விதித்தது, மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 இறுதியில் ஒன்றிய அரசு தொடங்கிய ‘ரைட் டு ரிப்பேர்’ இணையவாசலில் கார்களும் ஒரு பிரிவு. அதில் வாடிக்கையாளர் சேவை எண்ணும் வாரண்டி விவரமும் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு மாடலுக்கும் முன்பக்க உடலளவுப் படத்தை, உற்பத்தி நின்ற மாடல்களுக்கும் சேர்த்து, இலவசமாக ஏற்ற வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தலாம். நிறுவனங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. அதில் வணிக ரகசியம் ஏதுமில்லை. இன்டிகாவின் நீளக்கை நுனி கோபுரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தால் எந்தப் போட்டி நிறுவனமும் அதை வைத்து இன்னொரு இன்டிகா செய்யப்போவதில்லை.