பாடசாலை வீரனை அளக்கும் கோல் எது?

நமது நகரின் மக்கெய்சர் மைதானத்து ஓரத்தில் மாலை வேளையில் நிற்போர், "இந்தப் பையன் ஒருநாள் இலங்கை அணியில் ஆடியே தீருவான்" எனத் தீர்ப்பளிப்பதைப் பலரும் கேட்டிருப்பர். நாமும் அவ்வாறு தீர்ப்பளித்ததுண்டு. பலமுறை தவறியதும் உண்டு. நம் கல்லூரியின் இவ்விழா மலரில் அதனை ஒப்புக்கொள்ள நாம் நாணவில்லை.

பாடசாலைத் துடுப்பாட்டத்தில் ஒருவன் குவிக்கும் ஓட்டங்கள் நல்ல சாட்சியே. ஆயின் அவையே தீர்ப்பு ஆகா. அவ்வோட்டங்கள் எவருடைய பந்துவீச்சில், எத்தகைய ஆடுகளத்தில் பெறப்பட்டன என்பதை ஓட்டப் புத்தகம் கூறுவதில்லை. பாய்விரிப்பில் பழகியவன் புற்றரைக்குச் செல்லும்போது பந்து எழும் விதமே மாறிவிடுகின்றது.

கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிய முத்தையா முரளிதரனை, அவரது பதினான்காம் வயதில், சுழற்பந்து வீசுமாறு திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அதன் பின்னரே அவர் பாடசாலையில் விக்கெட்டுகளைக் குவித்தார்; 2010 இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார். எண்கள் பின்னர் வந்தன. கண்டுகொண்ட கண் முன்னர் வந்தது.

மார்வன் அத்தபத்துவோ 1990 க்கும் 1994 க்கும் இடையில், தமது முதல் ஆறு டெஸ்ட் இன்னிங்ஸ்களிலும் சேர்த்துப் பெற்றது ஒரேயோர் ஓட்டம். அவரை அத்துடன் கைவிட்டிருப்பின், பின்னர் அவர் அடித்த ஆறு இரட்டைச் சதங்களை நாடு கண்டிராது. அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் தொழில்முறைக் கழகங்கள் ஆண்டுதோறும் கல்லூரி வீரரை வரிசையிட்டுத் தெரிவு செய்கின்றன. 2000 ஆம் ஆண்டில் 198 பேருக்குப் பின்னரே தெரிவான டொம் பிராடி, அணியை வழிநடத்தும் ஆட்டக்காரராக ஏழு முறை வாகை சூடினார். பெரும்பொருள் செலவிட்டு ஆராய்வோரும் இவ்வாறு தவறுவரெனின், வேலியோரத்தில் நிற்கும் நாம் எம்மாத்திரம்?

ஆளைத் தெரிவதற்கெனத் 'தெரிந்து தெளிதல்' என ஓரதிகாரமே வகுத்தார் வள்ளுவர். நாம் தெளியவேண்டியன மூன்று: தோல்வியுற்ற மறுநாள் பையன் பயிற்சிக்கு வருகின்றானா? சுட்டிய பிழையை அடுத்த வாரம் திருத்தியிருக்கின்றானா? தன்னிலும் வல்லாரை எதிர்கொள்ள விரும்புகின்றானா?

இவற்றுடன் வாய்ப்பும் வேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் இடம்பெற்று, 2023 இல் இலங்கை அணிக்காக ஆடி, 2024 இல் இந்தியாவின் ஐ.பி.எல். அரங்கையும் அடைந்தார். கொழும்புக்கு வெளியே திறமை இல்லை என்பார்க்கு இதுவே விடை.

ஆகவே பழைய மாணவர் சங்கத்திற்கு ஒன்று கூறுவோம். ஒரு சதத்திற்காக மாலை சூட்டி, படிப்பைக் கைவிடுமாறு எந்தப் பையனையும் தூண்டற்க. பூச்சியத்தில் ஆட்டமிழந்தான் என்று எவனையும் ஒதுக்கற்க. வெற்றிக்கிண்ணத்திற்கு அளிக்கும் பொருளில் ஒரு பகுதியை நல்ல பயிற்சி ஆடுகளத்திற்கும், வெளிமாவட்டப் பயணங்களுக்கும் அளிப்போமாக. பையன் தன்னிலும் வல்லாருடன் ஆடட்டும். அதன் பின் நம் தீர்ப்பைக் கூறுவோம். அப்பொழுதும் சற்றுத் தயங்கியே கூறுவோம்.