வேடிக்கை பார்க்கலாம், வதைக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், வண்டலூர் ரயில் நிலையத்தில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் இறங்குகிறது. கையில் புளியோதரைத் தூக்கு, தோளில் கைக்குழந்தை! கடையிலும் ஆபீசிலும் மாடாய் உழைக்கிறவர்களுக்கு இந்த ஒருநாள் உல்லாசம் அவசியம்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால், பூங்காவுக்குள் போனதும் சிலர் அடிக்கிற கூத்து இருக்கிறதே, அதுதான் சகிக்கவில்லை!

மானைக் கண்டால் முறுக்கை வீசுகிறார்கள். குரங்கைக் கண்டால் சிப்ஸ் பாக்கெட்டையே வீசுகிறார்கள். "அப்பா, புலி தூங்குதுப்பா" என்று பிள்ளை சொன்னால், "இருடா, எழுப்புறேன்" என்று கல்லைத் தேடுகிற அப்பாக்களும் உண்டு. பிள்ளைக்கு இதுவா பாடம்?

புலி சோம்பேறி அல்ல. பெரும்பாலும் இரவில் வேட்டையாடும் பிராணி. பகலில் படுத்துக்கிடப்பது அதன் சுபாவம். நைட் டூட்டி முடித்துத் தூங்குகிறவர் வீட்டு வாசலில் விசிலடித்தால் அவர் சும்மா இருப்பாரா?

மான் சங்கதி இன்னும் மோசம். தின்பண்ட வாசனைக்குப் பிளாஸ்டிக் பையையும் சேர்த்து விழுங்கிவிடும். அது செரிக்காது. வயிற்றிலேயே உருண்டு திரண்டு தங்கிவிடும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், தீனி இறங்காது. கடைசியில் பட்டினியிலேயே உயிர் போகும். பாவம், வாயில்லா ஜீவன்!

இந்தக் காட்சிசாலை 1855-ல் எழும்பூர் மியூசிய வளாகத்தில் தொடங்கியது. பிறகு பல காலம் சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவில் இருந்தது. மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் இதை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னைவாசிகள் சொன்னார்கள். அங்கே இடநெருக்கடி. மரமும் மண்ணும் காற்றுமாக மிருகங்கள் வாழட்டும் என்றுதான் வண்டலூர் காட்டுக்குக் கொண்டு வந்தார்கள். 1985-ல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். அந்த நல்ல நோக்கத்தையே கெடுக்கலாமா?

மிருகக்காட்சி சாலையில் மிருகத்தைச் சீண்டுவது, தீனி போடுவது, கூச்சலிட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போர்டு எழுதி வைத்தால் மட்டும் போதாது. காணும் பொங்கல் போன்ற கூட்ட நாட்களில் மான், குரங்கு, புலி அடைப்புகளின் பக்கத்தில் கூடுதல் காவலர்களை நிறுத்த வேண்டும். மீறுகிறவர்கள் மீது தயவு தாட்சண்யம் இல்லாமல் நடவடிக்கை எடுக்க வேண்டும். மக்களுக்கும் குறை வைக்கக் கூடாது. வெயிலில் நடந்து களைத்த தாய்மார்களுக்கும் முதியவர்களுக்கும் குடிதண்ணீரும் உட்கார நிழலும் ஆங்காங்கே தாராளமாக வேண்டும்.

பெற்றோர் கையில்தான் மீதி இருக்கிறது. எவர்சில்வர் டப்பாவில் சோறு கட்டிப் போகட்டும். காலி டப்பாவும் குப்பையும் அவர்களோடே திரும்பட்டும்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. மிருகங்களுக்கு வாரத்தில் அந்த ஒருநாள்தான் நிம்மதி என்ற நிலை மாற வேண்டும்!