பழைய பண்ணும் புதிய பாட்டும்

இசை அமைப்பவன் ஒருவன் தான் முன்பு செய்துவைத்ததை மீண்டும் எடுத்தாளுதல் சோம்பலின் செயல் என்பார் சிலர். கணினியில் பாட்டமைக்கும் பழக்கம் நம் மாணாக்கரிடையே பெருகிவரும் இந்நாளில், இக்கூற்று ஆராயத்தக்கது. ஆராயுமிடத்து, எடுத்தாளுதல் குற்றமன்று. எடுத்ததைப் புதிய இடத்திற்கு இயையச் செய்யாமையே குற்றம் என்பது புலனாகும்.

காயல்பட்டினத்தார்க்கு இவ்வுண்மை புதிதன்று. இவ்வூர்க் காசிம் புலவர், அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தங்களைத் தழுவி, நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடினார். சந்தம் பழையது, சொல்லும் பொருளும் புதியன. அந்நூலை இரவற்பொருள் என்று இகழ்வார் யார்?

தம் பொருளையே மீண்டும் ஆண்ட பெரியோரும் உளர். ஜெர்மானியராகிய பாக், 1733-ஆம் ஆண்டில் அரசகுடும்பத்தார் பிறந்தநாட்களுக்கென இயற்றிய இசையை, மறு ஆண்டில் கிறிஸ்து பிறப்பு விழா இசைக்கு அமைத்துக்கொண்டார். ஹாண்டெல், 1741-இல் தாம் எழுதிய இத்தாலியக் காதற்பாடலின் இசையை அவ்வாண்டிலேயே 'மெசையா'வினுள் புகுத்தினார். நம் இளையராஜா, 1982-இல் 'ஓளங்கள்' என்னும் மலையாளப் படத்துக்கு இட்ட மெட்டை 2009-இல் 'பா' என்னும் இந்திப் படத்தில் வேறு அணிகளுடன் ஒலிக்கச் செய்தார். இவர்கள் கற்பனை வறண்டவரல்லர். நல்ல மெட்டொன்று ஒரே சமயத்தோடு மறைதல் ஆகாதென்று கருதினர் போலும்.

இக்காலத்து மென்பொருள்கள் இவ்வேலையை மிக எளிதாக்கிவிட்டன. 'எபிள்டன் லைவ்' போன்றவற்றில் பழைய பாட்டின் தடமொன்றை அப்படியே புதிய பாட்டினுள் இழுத்து வைக்கலாம். எளிமையிலேதான் அபாயமும் உண்டு. திருமணப் பாட்டொன்றிற்குப் பதிவுசெய்த தஃப் முழக்கத்தை இரங்கற்பாட்டில் மாற்றமின்றி இட்டால், கேட்போர் செவி அதனை ஏற்குமோ? காலவளவும் சுருதியும் ஒலியின் கனமும் புதிதாக அளந்து அமைக்கப்படல் வேண்டும். அன்றியும், எப்பாட்டிலும் ஒரே முழக்கத்தை இடுவோன் விரைவில் தன்னைத் தானே நகல் செய்வோன் ஆவான்.

சேமிக்கும் முறையும் அறியத்தக்கது. இன்று பயன்படும் துணைக்கருவி சில ஆண்டுகளில் கைவிடப்படின், அதனை நம்பிய பழைய கோப்பு திறந்தும் ஊமையாகும். ஆதலின், பாட்டு முடிந்தவுடன் ஒவ்வொரு தடத்தையும் தனி ஒலிக்கோப்பாக எடுத்து, சுருதியும் தாளவேகமும் அதன் பெயரிலேயே குறித்து வைத்தல் நன்று. சுரக்குறிப்பாகிய மிடிக் கோப்பையும் உடன் வைத்தால், பிறிதொரு கருவியில் அதனை மீண்டும் இசைக்கலாம்.

இவற்றினும் முக்கியமானது உரிமை. நம் கணினியிலுள்ளதெல்லாம் நம்முடையதன்று. நண்பன் ஒரு பாட்டிற்கென்று ஈந்த குரலை அவனைக் கேளாது மற்றொன்றில் இடுதல் முறையன்று. ஊதியம் பெற்று இயற்றியதாயின், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அதன் உரிமை பணம் கொடுத்தவரையே சாரவுங்கூடும்; ஆதலின் உடன்படிக்கையை முன்னரே எழுத்தில் பெறுக.

மாணவ நண்பர்காள்! முற்றுப்பெறாத உங்கள் பழம்பாட்டுக்களை வெட்கி அழித்துவிடாதீர். ஆண்டிற்கு ஒருமுறையேனும் அவற்றைத் திறந்து கேளுங்கள். அன்று சொல்லும் பொருளும் கிட்டாது நின்றுபோன மெட்டுக்கு, இன்று அவை கிட்டியிருத்தல் கூடும்.