பொங்கல் இரவில் தொடங்கி தைப்பூசம் வரை: ஆசியக் கிண்ணத்தில் மலேசியாவின் வாய்ப்பு எவ்வளவு இருந்தது?

ஆசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டி 2024 ஜனவரி 12ஆம் தேதி கட்டாரில் தொடங்கியது. பிப்ரவரி 10ஆம் தேதி வரை நடைபெற்ற அப்போட்டியில் 24 நாடுகள் மோதின. அவற்றுள் மலேசியாவும் ஒன்று. 2007இல் போட்டியை ஏற்று நடத்திய நாடுகளில் ஒன்று என்பதால் மலேசியாவுக்கு இடம் கிடைத்தது. தகுதிச் சுற்றில் வென்று உள்ளே போனது 1980க்குப் பிறகு அதுவே முதன்முறை.

தோட்டத்துக் கடைகளிலும் பட்டணத்து மாமாக் கடைகளிலும் அப்போது இரண்டு விதமான பேச்சு கேட்டது. "போய் அடி வாங்கிட்டு வரப் போறாங்க" என்பது ஒன்று. "இந்த முறை ரெண்டாவது சுற்று நிச்சயம்" என்பது மற்றொன்று. இரண்டுமே கணக்குப் பார்க்காமல் பேசும் பேச்சு. கணக்குப் பார்த்தால் உண்மை இரண்டுக்கும் நடுவே இருந்தது.

தரவரிசை எவ்வளவு தூரம் உதவும்?

ஒரு நாட்டின் பலத்தை அளக்க எல்லாரும் முதலில் எடுப்பது ஃபிஃபா தரவரிசையைத்தான். 2023 டிசம்பர் பட்டியலில் ஜப்பான் 17, ஈரான் 21, தென் கொரியா 23, ஆஸ்திரேலியா 25ஆவது இடங்களில் இருந்தன. மலேசியா 130ஆவது இடம். அப்போதைய பயிற்றுநர் கிம் பான் கோன் 2022 ஜனவரியில் பொறுப்பேற்றபோது இருந்த 154ஆவது இடத்தோடு ஒப்பிட்டால், இது நல்ல முன்னேற்றம்.

ஆனால் தரவரிசையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. அதே பட்டியலில் இந்தியா 102ஆவது இடத்தில், மலேசியாவுக்கு மேலே இருந்தது. 2023 அக்டோபரில் மெர்டேக்கா கிண்ணத்தில் புக்கிட் ஜாலிலில் இரு குழுக்களும் சந்தித்தபோது 4-2 என மலேசியாவே வென்றது. சொந்த மண் என்பது அதில் ஒரு பங்கு. அடுத்து வந்த இறுதி ஆட்டத்தில் அதே மண்ணில் தஜிகிஸ்தானிடம் 0-2 எனத் தோற்றதையும் மறக்கக்கூடாது.

ஆகவே ஒரு குழுவின் வாய்ப்பை மூன்று கேள்விகளால் அளப்பது நல்லது. அண்மைய ஆட்டங்களில் யாரோடு மோதி என்ன முடிவு கண்டது? எந்தப் பிரிவில் விழுந்திருக்கிறது? போட்டியின் விதிமுறை அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது?

கிண்ணம் யாருக்கு?

இந்த அளவுகோலில் முன்னணியில் நின்றது ஜப்பான். 1992, 2000, 2004, 2011 என நான்கு முறை வென்ற நாடு அது. வேறு எந்த நாடும் அத்தனை முறை வென்றதில்லை. 2022 உலகக் கிண்ணத்தில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் 2-1 என வீழ்த்தியது. அது அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்கு, 2023 செப்டம்பரில் ஜெர்மனியின் மண்ணிலேயே 4-1 என வென்று பதில் சொன்னது. 2024 புத்தாண்டு தினத்தில் தாய்லாந்தை 5-0 எனத் தோற்கடித்தது. காயம்பட்டிருந்த மித்தோமா எப்போது திரும்புவார் என்பது மட்டுமே அதன் கவலையாக இருந்தது. அவருக்கு மாற்றாக நிறுத்தவும் ஐரோப்பாவில் ஆடும் ஆட்டக்காரர்கள் அங்கே வரிசையில் இருந்தார்கள்.

அடுத்து தென் கொரியா. சோன் ஹியூங் மின், பாயர்ன் மூனிக்கின் கிம் மின் ஜே, பாரிசில் ஆடிய லீ காங் இன், வுல்வ்சின் ஹுவாங் ஹீ சான் என முதுகெலும்பு முழுவதும் அப்போது ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் ஆடியது. இத்தனை இருந்தும் 1956, 1960க்குப் பிறகு கிண்ணம் கொரியாவுக்கு எட்டவில்லை. 1972, 1980, 1988, 2015 என நான்கு இறுதி ஆட்டங்களில் தோற்றிருக்கிறது. அப்போதைய பயிற்றுநர் கிளின்ஸ்மன் முதல் ஐந்து ஆட்டங்களில் ஒரு வெற்றியும் காணாதவர். பிறகு வேகம் பிடித்து வியட்நாமை 6-0, சிங்கப்பூரை 5-0 என வென்றார். பலவீனமான குழுக்களைப் பந்தாடுவது ஒன்று, ஈரானையோ ஜப்பானையோ காலிறுதியில் வெல்வது வேறு. அந்தச் சோதனை அப்போது இன்னும் வரவில்லை.

ஈரான் மூன்று முறை வென்ற நாடு. ஆனால் மூன்றும் 1968, 1972, 1976 எனப் பழைய கதை. தாரெமி, அஸ்மூன் ஆகிய இரு முன்னணித் தாக்குதல் ஆட்டக்காரர்களுக்குக் கிண்ணம் வெல்ல அதுவே நல்ல நேரமாக இருந்தது. சவூதி அரேபியா, உலகக் கிண்ணத்தில் அர்ஜெண்டினாவை வீழ்த்திய குழு. இத்தாலிக்கு ஐரோப்பியக் கிண்ணம் வென்று கொடுத்த மன்சினி அப்போது அதன் பயிற்றுநர். ஆனால் அவர் வந்து ஐந்து மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. அப்போதைய நடப்பு வெற்றியாளரும் ஏற்பாட்டு நாடுமான கட்டாரின் நிலை இன்னும் சிக்கலாக இருந்தது. 2019 இறுதியில் ஜப்பானை 3-1 என வென்ற குழு, 2022 உலகக் கிண்ணத்தில் தன் மண்ணில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பயிற்றுநரையும் மாற்றியது.

பெரிய நாடுகள் மட்டுமே வெல்லும் என்றும் சொல்வதற்கில்லை. போரில் நொறுங்கியிருந்த ஈராக் 2007இல் வெற்றியாளர் ஆனது. அந்த ஆண்டு அரையிறுதியில் அது தென் கொரியாவைப் பெனால்டியில் வென்ற ஆட்டம் நம் புக்கிட் ஜாலிலில்தான் நடந்தது. நேரில் பார்த்தவர்கள் இன்றும் பலர் இருப்பார்கள். 2023இல் வளைகுடாக் கிண்ணத்தை வென்ற ஈராக்கை அம்முறையும் ஓரக்கண்ணால் கவனிக்க வேண்டியிருந்தது.

ஈ பிரிவு: மூன்று ஆட்டம், மூன்று விதம்

மலேசியா விழுந்தது ஈ பிரிவில். உடன் இருந்தவை தென் கொரியா, ஜோர்டான், பஹ்ரைன். ஆட்ட நாள்களைப் பார்த்தால் நம் சமூகத்தின் நாள்காட்டியைப் பார்த்துப் போட்டது போல் இருந்தது.

முதல் ஆட்டம் ஜோர்டானுடன். கட்டாரில் ஜனவரி 15 இரவு, மலேசிய நேரப்படி 16ஆம் தேதி பின்னிரவு 1.30. பொங்கல் பானை இறக்கி, விருந்தாளிகளை அனுப்பிவிட்டு உட்கார வேண்டிய நேரம். ஜோர்டான் 87ஆவது இடத்தில் இருந்த குழு என்றாலும் எளிதல்ல. 2019 போட்டியில் ஆஸ்திரேலியாவை 1-0 என வென்று பிரிவில் முதலிடம் பிடித்தது. அப்போது பிரான்சின் மோன்பெலியேவில் ஆடிய மூசா அல் தமாரி அதன் முதன்மை ஆயுதம். ஜனவரி 5ஆம் தேதி நட்புமுறை ஆட்டத்தில் கட்டாரை 2-1 என வென்றது. நான்கே நாளில் ஜப்பானிடம் 1-6 எனச் சரிந்தது. ஒரே வாரத்தில் இரண்டு முகம் காட்டிய குழு எந்த முகத்தோடு வரும் என்பதே கேள்வியாக இருந்தது. 2021 அக்டோபரில் அம்மானில் மலேசியா இதே ஜோர்டானிடம் 0-4 எனத் தோற்றது. 2021இன் குழுவும் 2024இன் குழுவும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த எண்ணிக்கை ஓர் எச்சரிக்கை.

இரண்டாவது ஆட்டம் பஹ்ரைனுடன், ஜனவரி 20 சனிக்கிழமை இரவு 10.30. மலேசியா மூன்று புள்ளிகளை நம்பிக்கையோடு எண்ணக்கூடிய ஆட்டம் இதுவாகவே இருந்தது. 2022 ஜூனில் தகுதிச் சுற்றில் இரு குழுக்களும் புக்கிட் ஜாலிலில் மோதின. மலேசியா 1-2 எனத் தோற்றாலும், ஆட்டத்தில் இருந்த இடைவெளி ஒரு கோல்தான். பஹ்ரைன் 2019இல் வளைகுடாக் கிண்ணம் வென்ற குழு. அப்போதைய பயிற்றுநர் பிட்சி, சிலி நாட்டுக்கு 2016இல் கோப்பா அமெரிக்கா வென்று கொடுத்தவர். பஹ்ரைன் அனுபவசாலி, சந்தேகமில்லை. ஆனால் எட்டாத உயரத்தில் இருக்கவில்லை.

மூன்றாவது ஆட்டம் தென் கொரியாவுடன், ஜனவரி 25 வியாழன் மாலை 7.30. அன்று தைப்பூசம். பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் நின்ற பலருக்கு முடிவு கைப்பேசி வழியாகத்தான் தெரியவந்திருக்கும். பலத்தைப் பார்த்தால் இதில் தோல்வியே எதிர்பார்க்க வேண்டியதாக இருந்தது. ஆனால் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று கொரியா அடுத்த சுற்றை உறுதி செய்துவிட்டால், முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுக்கும் வாய்ப்பு இருந்தது. 1980 ஆசியக் கிண்ணத்தில் மலேசியா தென் கொரியாவோடு 1-1 எனச் சமநிலை கண்டது என்பதும் ஏட்டில் இருக்கிறது.

மூன்று புள்ளி போதுமா?

விதிமுறை மலேசியாவுக்குச் சாதகமாக இருந்தது. ஆறு பிரிவுகளில் முதல் இரு இடங்களைப் பிடிக்கும் 12 குழுக்களோடு, மூன்றாம் இடம் பிடிக்கும் ஆறில் சிறந்த நான்கும் அடுத்த சுற்றுக்குப் போகும். 24இல் எட்டுக் குழுக்கள்தான் முதல் சுற்றோடு வீடு திரும்பும்.

இதே விதிமுறையில் நடந்த 2019 போட்டியைப் பார்ப்போம். கிர்கிஸ்தான், ஓமான், வியட்நாம் மூன்றும் தலா மூன்று புள்ளியோடு, அதாவது ஒரே ஒரு வெற்றியோடு முன்னேறின. லெபனானும் மூன்று புள்ளிதான் எடுத்தது. ஆனால் வெளியேறியது. வியட்நாமுக்கும் லெபனானுக்கும் புள்ளி ஒன்று, கோல் வித்தியாசம் ஒன்று, அடித்த கோல்களும் ஒன்று. கடைசியில் மஞ்சள் அட்டைகளை எண்ணினார்கள். குறைவாக வாங்கிய வியட்நாம் உள்ளே, அதிகம் வாங்கிய லெபனான் வெளியே. உள்ளே போன வியட்நாம், ஜோர்டானையும் வென்று காலிறுதி வரை சென்றது.

மலேசியாவுக்கு இதில் உள்ள பாடம் தெளிவு. ஒரு வெற்றி அவசியம். தோற்கும் ஆட்டங்களில் ஒரு கோல், இரண்டு கோல் வித்தியாசத்தோடு நிறுத்திக்கொள்வதும் அதே அளவு அவசியம். பொங்கல் இரவு ஜோர்டானிடம் இரண்டு கோல் பின்தங்கிவிட்டால், சமன் செய்கிறேன் என்று எல்லாரும் முன்னே ஓடி மூன்றாவது, நான்காவது கோலை வாங்குவது தற்கொலைக்குச் சமம். அநாவசியமாக நடுவரிடம் வாதாடி வாங்கும் மஞ்சள் அட்டைக்கும் விலை உண்டு.

பலமும் பலவீனமும்

அந்தக் குழுவால் கோல் அடிக்க முடிந்தது. பைசால் ஹாலிம், அரிப் ஐமான் இருவரின் வேகம் எந்தத் தற்காப்பையும் சோதிக்கக்கூடியதாக இருந்தது. 2023 செப்டம்பரில் சிரியாவோடு 2-2, சீனாவோடு 1-1 எனச் சமநிலை கண்டது. நவம்பரில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் கிர்கிஸ்தானுக்கு எதிராகப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு 4-3 என வென்றது. பிறகு தைப்பேயில் 1-0 என வென்றது. முன்பெல்லாம் பின்தங்கினால் தலை கவிழ்ந்த குழு, அப்போது கடைசி நிமிடம் வரை ஓடியது. இது கிம் பான் கோன் கொண்டுவந்த மாற்றம்.

ஆனால் அதே முடிவுகளைத் திருப்பிப் பார்த்தால் பலவீனமும் தெரியும். கிர்கிஸ்தானிடம் மூன்று, இந்தியாவிடம் இரண்டு, சிரியாவிடம் இரண்டு என வாங்கிய கோல்கள் அதிகம். நான்கு அடித்து மூன்று வாங்குவது புக்கிட் ஜாலிலில் கொண்டாட்டம். அல் தமாரிக்கும் சோனுக்கும் அதே இடைவெளியைக் கொடுத்தால் கதை வேறு. 2007இல் மலேசியா சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 எனத் தோற்றதை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆக, போட்டிக்கு முந்தைய கணிப்பு இதுதான். பிரிவில் முதலிடம் தென் கொரியா. இரண்டாவது இடத்துக்கு ஜோர்டானுக்கே வாய்ப்பு அதிகம். மூன்றாவது இடம் பஹ்ரைனுக்கா மலேசியாவுக்கா என்பதை 20ஆம் தேதி ஆட்டம் முடிவு செய்யும். மலேசியா இரண்டாவது சுற்றுக்குப் போக நான்கில் ஒரு வாய்ப்பு இருந்தது எனலாம். அது சிறியது, ஆனால் 2007இல் இல்லாதது.

எதை வெற்றி என்று சொல்வது?

இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவது ஏன் முக்கியம் என்றால், தவறான எதிர்பார்ப்புக்கு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மீறி எதிர்பார்த்தவர்கள் தோற்ற மறுநாள் சமூக ஊடகத்தில் ஆட்டக்காரர்களைத் திட்டித் தீர்ப்பார்கள். பயிற்றுநரை மாற்றச் சொல்வார்கள். இரண்டு ஆண்டு உழைப்பு இரண்டு வாரத்தில் கலையும். மற்றொரு பக்கம், "நிச்சயம் வெல்லும்" என்ற பேச்சை நம்பிக் கள்ளத்தனமாகப் பந்தயம் கட்டுபவர்களும் உண்டு. 1953ஆம் ஆண்டு பந்தயச் சட்டப்படி அது குற்றம். அதைவிடப் பெரியது, மாதச் சம்பளம் ஒரே இரவில் கரைந்து வீட்டில் அடுப்பு எரியாமல் போவது. ஒரே வாரத்தில் கட்டாரை வென்று ஜப்பானிடம் ஆறு வாங்கும் ஜோர்டானை எந்தக் கணக்கும் முழுதாகப் பிடிக்காது.

நம் சமூகத்துக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 2010இல் பயிற்றுநராகத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்று கொடுத்த கே. ராஜகோபால் என்று மலேசியக் காற்பந்து வரலாற்றில் நம் பெயர்கள் வரிசையாக வரும். இன்று தேசியக் குழுவில் அத்தகைய பெயர்கள் அரிது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தோட்டத் திடல்களும் போயின. பட்டணத்துக்கு வந்த பிள்ளைகளுக்குத் திடல் கிடைக்கவில்லை. பயிற்சி மையத்துக்குக் கட்டணம் வேண்டும், கொண்டுபோய்விட வண்டி வேண்டும்.

அடுத்த பத்து ஆண்டுகளில் இந்த நிலை மாற வேண்டுமென்றால் அதற்கான வேலை தமிழ்ப்பள்ளித் திடலில்தான் தொடங்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வரும் இளைஞர்கள் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் ஆட்டம் நடத்தலாம். பெற்றோர் சங்கங்கள் வாரம் ஒரு மாலை திடலைத் திறந்து வைக்கலாம். கட்டாரில் மலேசியா என்ன முடிவு கண்டிருந்தாலும், பின்னிரவு 1.30க்கு அப்பாவோடு விழித்திருந்து பார்த்த பையனுக்கு மாலையில் உதைக்க ஒரு பந்தும் ஓடுவதற்கு ஒரு திடலும் இருக்க வேண்டும்.