மிஹ்ராபைப் பெயர்த்தவர்கள் பாதுகாவலர்களாம்!

அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில், ஹோனலுலு நகரக் கடலோரத்தில் ஒரு மாளிகை. புகையிலைக் கோடீஸ்வரக் குடும்பத்து டோரிஸ் டியூக் கட்டியது. அதற்குள்ளே 12 அடிக்கும் மேல் உயரமான ஒரு மிஹ்ராப் நிற்கிறது. சுற்றிலும் திருக்குர்ஆன் வசனங்கள் பொன்போல் மின்னுகின்றன. ஆனால் அதன் முன்னே இமாம் இல்லை! பின்னே ஸஃப் இல்லை!

இது எங்கிருந்து வந்தது? ஈரானின் வராமீன் ஊரில் உள்ள இமாம்ஸாதா யஹ்யா அடக்கத்தலத்திலிருந்து! காஷான் நகரத்துக் கலைஞர் அலீ இப்னு முஹம்மத் இப்னு அபீ தாஹிர், ஹிஜ்ரி 663இல் (கி.பி. 1265) தம் பெயரையும் ஆண்டையும் பொறித்துச் செய்தது. கெவோர்கியன் என்ற பழம்பொருள் வியாபாரியிடம் 1940இல் அந்த அம்மையார் விலைக்கு வாங்கினார்.

"நாங்கள் எடுத்து வந்திராவிட்டால் இவை அழிந்திருக்கும்" என்கிறார்கள் மேலைநாட்டார். படித்த நம் இளைஞர்கள் சிலரும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். உண்மை என்ன? பார்ப்போம்.

மண்ணைப் பொன்னாக்கிய கரங்கள்

நாம் இன்று டைல்ஸ் என்கிறோமே, அதுதான் இது. ஆனால் சாதாரண டைல்ஸ் அல்ல. இதை எப்படிச் செய்தார்கள் என்பதை அந்த அலீயின் மகன் அபுல் காசிம் 1301ஆம் ஆண்டு ஒரு நூலில் எழுதி வைத்தார். படிகக்கல் தூள் பத்துப் பங்கு, கண்ணாடித் தூள் ஒரு பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு. இதைப் பிசைந்து, வார்த்து, வெண்மையான மேற்பூச்சு கொடுத்துச் சுடுவார்கள். அதன்மேல் வெள்ளி, செம்பு கலந்த கலவையால் எழுதி, காற்றைக் குறைத்துப் புகையிலே 72 மணி நேரம் மீண்டும் சுடுவார்கள். ஆறியபின் கரியைத் துடைத்தால் உலோகம் மெல்லிய படலமாகத் தங்கிப் பொன்னாய் ஒளிரும்! கொஞ்சம் சூடு பிசகினாலும் உழைப்பெல்லாம் வீண்.

ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இராக்கிய முஸ்லிம் குயவர்கள் பாண்டங்களில் வளர்த்த கலை இது. வராமீன் சுவர்களின் நட்சத்திர ஓடுகள் 1262இல் செய்யப்பட்டவை. அதாவது மங்கோலியர் பக்தாதை அழித்து நான்கே ஆண்டுகளில்! கிலாஃபத் வீழ்ந்த காலத்திலும் அந்தக் கைகள் ஓயவில்லை. ஓரங்களில் இறைவசனம், நடுவில் கொடியும் பூவும். உயிருள்ளவற்றின் உருவம் ஒன்றுகூட இல்லை.

பெயர்த்தது யார்?

1870களில் ஈரானில் தந்தித் துறையை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரி மர்டாக் ஸ்மித், லண்டன் அருங்காட்சியகத்துக்காக இந்த ஓடுகளை வாங்கிக் குவித்தார். 1881இல் அங்கே வந்த பிரெஞ்சுப் பெண்மணி ஜேன் தியூலாஃபுவா, ஓடுகள் ஏற்கெனவே திருடு போயிருந்ததையும், அதனால் அந்நியரை உள்ளே விட மறுத்ததையும் எழுதியிருக்கிறார். கவனியுங்கள்! அந்த ஊர் மக்கள் அலட்சியமாக இல்லை, தடுத்தார்கள். தடுத்தும் பறிபோனது! அலீயின் இன்னொரு மகன் யூசுஃப் 1305இல் செய்த பலகை இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜில். தந்தையின் கைவேலை ஒரு கண்டத்தில், மகனின் கைவேலை மறு கண்டத்தில்!

காஷான் மைதான் பள்ளிவாசலின் 1226ஆம் ஆண்டு மிஹ்ராபும் ஆங்கிலேய கான்சல் ப்ரீஸின் கைக்குப் போய், இன்று பெர்லினில் இருக்கிறது.

கப்ரைக் கட்டி அலங்கரிப்பது பற்றி நமக்குக் கருத்து உண்டு. அது மார்க்க விவாதம். அந்த விவாதம் திருடனுக்கு உரிமைப் பத்திரம் ஆகுமா? ஆகாது!

கைரவான் சொல்லும் பதில்

அழிந்துவிடும் என்றார்களே! துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலுக்கு வாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் மிஹ்ராபைச் சுற்றிப் பதித்த அதே பொன்மினுக்கு ஓடுகள், 139, இன்றும் அங்கேயே இருக்கின்றன! தம் கொலுமண்டபத்துக்காக ஓடுகளையும், வீணை செய்யத் தேக்கு மரத்தையும் தருவித்த அமீர், பின்னர் அவற்றை மிஹ்ராபுக்கும் மிம்பருக்கும் கொடுத்தார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழுகையாளிகள் காத்த பொருள் அது. எந்த அருங்காட்சியகத்துக்கு இவ்வளவு வயது?

வணிகப் பெருமக்களே! உங்களுக்குத் தெரியாத சட்டமா? திருட்டுப் பொருள் பத்துக் கை மாறினாலும் ஹலால் ஆகாது. ரசீது இருப்பதால் உடைமை ஆகாது. பள்ளிவாசலுக்கென்று கொடுத்தது வக்ஃப். அதை விற்க முத்தவல்லிக்கும் அதிகாரம் இல்லை. பிறகு கான்சலுக்கு எங்கிருந்து வந்தது உரிமை?

நியாயமாகவும் பேசுவோம். உள்ளூரில் விற்றவன் இல்லாமல் வெளியூரான் வாங்கியிருக்க முடியாது. காசுக்காகச் சுவரைப் பெயர்த்துக் கொடுத்தவனும் குற்றவாளியே. கலாச்சாரப் பொருள் கடத்தலுக்கு எதிரான 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை, அதற்கு முன் நடந்த கொள்ளைக்குப் பின்தேதியிட்டுப் பொருந்தாது. சட்டம் கைவிட்டாலும் உண்மையைச் சொல்ல என்ன தடை?

இளைஞர்களே! லண்டனிலோ பெர்லினிலோ கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த ஓட்டைக் கண்டால், அழகை ரசித்து நகர்ந்துவிடாதீர்கள். எந்தச் சுவரிலிருந்து வந்தது, யார் பெயர்த்தது, யார் விற்றது என்று கேளுங்கள். அட்டையில் எழுதும்வரை கேளுங்கள்!

கிப்லாவைக் காட்டச் செய்த மிஹ்ராப், இன்று வேடிக்கை பார்ப்பவர்களின் முகத்தைப் பார்த்து நிற்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பா? சிந்திப்பீர்!